டோபர்மன் குட்டிக்குக் காது வெட்டலாமா? வால் வெட்டியது சரிதானா?

கேள்வி பண்டாரவளை நண்பர் ஒருவருடையது. எட்டுக் கிழமை டோபர்மன் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். வாங்கும்போதே வால் கட்டை. இப்போது விற்றவர் "காதையும் வெட்டி நிமிர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் டோபர்மன் மாதிரியே இருக்காது, துணிச்சலும் வராது" என்கிறாராம். வெட்டலாமா, வெட்டினால் பாவமா என்று கேட்கிறார். அவர் கேள்விக்குக் கீழே மற்றவர்கள் எழுதிய பதில்களில் ஒரு பக்கம் "இது கொலைக்குச் சமம்" என்றும், இன்னொரு பக்கம் "தாத்தா காலத்திலிருந்து தோட்டத்து லய வீடுகளில் வெட்டுகிறோம், எந்த நாய் செத்தது?" என்றும் சண்டை. பாவமா என்பதைக் கோயில் ஐயரிடம்தான் கேட்க வேண்டும். என் பக்கமிருந்து பார்த்தால் கேள்விக்குள் இருப்பது ஒன்றுதான்: வெட்டுவதால் நாய்க்கு ஏதாவது கிடைக்கிறதா, இல்லை பார்க்கிற நமக்கு மட்டும்தானா? நாய்க்கு நன்மை உண்டு என்றால் வலியையும் செலவையும் வைத்துக் கணக்குப் பார்க்கலாம். இல்லை என்றால் கணக்கே தேவையில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. பேராதனையில் படித்த மிருக வைத்தியன், வேலை முழுக்க மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம். பாதி வாழ்க்கை மாட்டுத் தொழுவத்தில்தான் போனது, நாய் எனக்கு இரண்டாவது. நாயைப் பழக்கும் கலையில் நான் நிபுணன் இல்லை, அதனால் நடத்தை பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பைப் பற்றிச் சொல்வதற்குத் தள்ளுபடி வேண்டாம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு போகலாம்: காதை வெட்டாதீர்கள். போன வாலை ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் அதையும் வெட்டியிருக்கத் தேவையில்லை.

முதலில் வெட்டுவது எதை என்று பார்ப்போம், ஏனென்றால் பலர் இதை நகம் வெட்டுவது போல நினைக்கிறார்கள். வால் என்பது முதுகெலும்பின் நீட்சி. உள்ளே சின்னச் சின்ன எலும்புகள், அவற்றுக்கு இடையில் மூட்டு, சுற்றிலும் தசை, தசைநார், இரத்தக் குழாய், நரம்பு. பிறந்து மூன்று முதல் ஐந்து நாளுக்குள், குட்டி இன்னும் கண்ணே திறக்காத நேரத்தில், கத்தரியால் வெட்டுவார்கள், அல்லது இறுக்கமான ரப்பர் வளையம் போட்டு இரத்த ஓட்டத்தை நிறுத்தி வால் தானாகச் செத்து விழும்படி விடுவார்கள். பெரும்பாலும் விறைப்பு ஊசி கூடக் கிடையாது. காது வேறு கதை. அதை ஏழு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் செய்கிறார்கள், முழு மயக்கம் கொடுக்க வேண்டும், மடலில் பெரும்பகுதியை அச்சு வைத்து வெட்டி எடுத்து ஓரம் முழுக்கத் தையல் போட வேண்டும். அத்தோடு முடியாது. வெட்டியதும் காது தானாக நிமிர்ந்து நிற்காது, கிழமைக்கணக்கில், சில குட்டிகளுக்கு மாதக்கணக்கில், தலைக்கு மேல் முட்டுக் கொடுத்து பிளாஸ்டர் சுற்றி வைத்து, அடிக்கடி அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். நுவரெலியாவில் ஜூன், ஜூலை மழையில் துவைத்த துணியே காயாது, குட்டியின் தலையில் கட்டிய பிளாஸ்டர் எப்படிக் காயும்? ஈரம் உள்ளே தங்கினால் தையல் ஓரம் சீழ் பிடிக்கும். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு காது நின்று மற்றது சாய்ந்த நாய்கள் உண்டு.

"அந்த வயதில் குட்டிக்கு வலி தெரியாது" என்பது வால் வெட்டுபவர்கள் எப்போதும் சொல்வது. இதற்கு ஆதாரமாக, பிறந்த குட்டியின் நரம்புகளில் கொழுப்பு உறை முழுமையாக வளரவில்லை என்பார்கள். உறை வளரவில்லை என்பது உண்மைதான். ஆனால் வலியை எடுத்துச் செல்லும் நரம்பு நார்களில் பெரும்பகுதிக்கு வளர்ந்த நாயிலும் அந்த உறை கிடையாது, நமக்கும் கிடையாது. மாறாக, மூளையிலிருந்து கீழிறங்கி வலியை அடக்கும் பாதைதான் பிறந்த பின் மெதுவாக முதிர்கிறது, ஆகவே குட்டி பெரிய நாயைவிடக் கூடுதலாக உணரவும் இடம் உண்டு. அவுஸ்திரேலியாவில் 50 குட்டிகளுக்கு வால் வெட்டும்போது பக்கத்திலிருந்து கவனித்து எழுதிய ஆய்வு ஒன்று 1996இல் வெளிவந்தது. டோபர்மன், ரொட்வைலர், பூவியே இனங்கள், எல்லாம் மூன்று முதல் ஐந்து நாள் வயது. எல்லாக் குட்டியும் கத்தின. சராசரியாக 24 முறை வீரிட்டன, 18 முறை முனகின, அமைதியாக இரண்டு நிமிடத்துக்கும் கொஞ்சம் கூட எடுத்தது. வலி உண்டா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வலி பின்னாளில் நாயை எவ்வளவு பாதிக்கிறது என்பதில்தான் சந்தேகம். வெட்டிய இடத்தில் நரம்பு முனை முடிச்சு விழுந்து, நாய் தன் கட்டை வாலைத் தானே கடித்துக்கொண்டு சுற்றுவதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன, ஆனால் அது அடிக்கடி நடப்பது என்று சொல்ல அந்தப் பதிவுகள் போதாது. வால் வெட்டினால் பின்பக்கத் தசை பலவீனப்பட்டு குடலிறக்கம் வரும் என்று எதிர்ப்பவர்களில் சிலர் எழுதுவதும் நிரூபணமான ஒன்றல்ல. நம் பக்கத்து வாதம் என்பதற்காக அதைத் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

இனி தாத்தா காலத்து விஷயம். தோட்டத்தில் குட்டியின் வால் நுனியை வெட்டினால் விசர் பிடிக்காது, நாய் சுறுசுறுப்பாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு, கேள்விப்படாத மலையகத்தான் இருக்க முடியாது. இது நம்முடைய கண்டுபிடிப்பு இல்லை. சுமார் 2000 வருஷத்துக்கு முன் ரோமாபுரியில் விவசாயம் பற்றி எழுதிய கொலுமெல்லா, குட்டி பிறந்து 40 நாளானதும் வால் நுனியைப் பல்லால் கடித்து எடுத்து, உள்ளே இருக்கும் நரம்பையும் இழுத்துவிட்டால் விசர் வராது என்று இடையர்கள் நம்புவதை எழுதி வைத்திருக்கிறார். ரோமாபுரி இடையனும் எங்கள் தோட்டத்துக் கிழவனாரும் ஒரே முடிவுக்கு எப்படி வந்தார்களோ தெரியாது, இருவரும் சொன்னது தப்பு. விசர் என்பது கடிவழி வரும் வைரஸ். கடித்த இடத்து நரம்பைப் பிடித்து மூளைக்குப் போகிறது. வால் இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அதைத் தடுப்பது ஊசி ஒன்றுதான், அந்த ஊசியையும் அரசாங்கம் நாய்களுக்கு இலவசமாகப் போடுகிறது. வால் வெட்டிய நாய்க்கு விசர் வராது என்று நம்பி ஊசி போடாமல் விடுகிற வீடு இன்னும் இருக்கிறது. இந்த வழக்கத்தில் எனக்குக் கோபம் வருவது வலியை விட இதற்காகத்தான், ஏனென்றால் அங்கே விலை கொடுக்கப்போவது நாய் மட்டுமல்ல.

"எந்த நாய் செத்தது?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். செத்தவை கிளினிக்குக்கு வருவதில்லை, அதனால் கணக்கும் இல்லை. வருபவை எப்படி வரும் என்றால், பிஸ்கட் பெட்டிக்குள் பழைய சாரத்தைப் போட்டு அதன் மேல் குட்டியை வைத்துத் தூக்கி வருவார்கள். வால் இருந்த இடத்தில் மஞ்சளும் அடுப்புச் சாம்பலும் அப்பியிருக்கும். அதைச் சுடுதண்ணீரில் நனைத்து மெதுவாக எடுத்தால் உள்ளே புழு நெளியும், சில நேரம் எலும்பு முனை வெள்ளையாக வெளியே தெரியும். வெட்டியது என்ன கொண்டு என்று கேட்டால் கவ்வாத்துக் கத்தி என்பார்கள், அல்லது சவர பிளேட். கத்தி நல்ல கூர்தான் டொக்டர் என்று சமாதானம் வேறு.

வேட்டை, வேலை என்று சொல்பவர்களின் வாதம்தான் இருப்பதில் கனமானது, அதை அப்படியே தள்ளிவிட முடியாது. புதரில் புகுந்து ஓடுகிற நாயின் வால் முள்ளில் அடிபட்டுக் கிழியும், நுனிக் காயம் ஆறுவது கஷ்டம், கடைசியில் பெரிய நாயாக இருக்கும்போது வாலை எடுக்க வேண்டி வரும், அதற்குக் குட்டியிலேயே வெட்டிவிடலாம் என்பார்கள். பிரித்தானியாவில் 52 கிளினிக்குகளுக்கு வந்த சுமார் 138,000 நாய்களின் பதிவுகளை அலசி 2010இல் ஓர் ஆய்வு வந்தது. வால் காயம் பட்டவை 0.23 சதவீதம்தான். ஒரே ஒரு காயத்தைத் தவிர்க்க ஏறத்தாழ 500 குட்டிகளின் வாலை வெட்ட வேண்டியிருக்கும் என்று கணக்குக் காட்டினார்கள். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். 2014இல் ஸ்கொட்லாந்தில் வேட்டை நாய்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, வால் வெட்டாத ஸ்பானியல்களில் பாதிக்கு மேல் ஒரு பருவத்திலேயே ஏதோ ஒரு வால் காயம் பட்டிருந்தன, அங்கே ஒரு காயத்தைத் தவிர்க்க இரண்டு முதல் 18 குட்டிகளுக்கு வெட்டினால் போதும் என்று வந்தது. நாய்க்காரர்களே நிரப்பிய படிவத்தை வைத்துச் செய்த ஆய்வு அது, வால் வெட்டும் உரிமையைத் திரும்பக் கேட்டவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம், அதையும் மனதில் வைக்க வேண்டும். ஆனாலும் ஸ்கொட்லாந்து 2017இல் தன் முழுத் தடையைத் தளர்த்தி, வேட்டைக்குப் போகும் ஸ்பானியலுக்கும் அதுபோன்ற சில இனங்களுக்கும் வால் நுனியை மட்டும் வெட்ட அனுமதித்தது. ஆகவே துப்பாக்கிக்காரனோடு நாள் முழுக்க முட்புதரில் ஓடும் ஸ்பானியலுக்கு வாதாட இடம் இருக்கிறது என்று நானும் ஒத்துக்கொள்வேன்.

ஆனால் நம் நண்பரின் டோபர்மன் பண்டாரவளையில் கேட்டுக்கு உள்ளே படுத்திருக்கப்போகிறது. முட்புதர்தான் காரணம் என்றால் இதையும் யோசியுங்கள்: 1848 வாக்கில் நுவரெலியாவில் வந்து குடியேறிய ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர், ஹோட்டன் சமவெளிப் பக்கம் மரை வேட்டைக்கு ஒரு பட்டாளம் ஹவுண்ட் நாய்களை வைத்திருந்தார். அந்த வகை ஹவுண்டுகளுக்கு இங்கிலாந்தில் வாலை விட்டுவிடுவதுதான் வழக்கம், தூரத்திலிருந்து வாலைப் பார்த்துத்தான் நாய் எங்கே ஓடுகிறது என்று தெரியும் என்பார்கள். புதர் எல்லா நாய்க்கும் ஒன்றுதான், வெட்டு மட்டும் இனத்துக்கு இனம் மாறுகிறது. அந்த 2010 ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது, நம் ஊருக்குப் பொருந்துவது அதுதான்: கூட்டில் அடைத்து வைக்கும் நாய்களுக்கு வால் காயம் அதிகம். அகலம் இல்லாத கூட்டில் நாய் வாலை ஆட்டினால் சுவரில்தான் படும். லயத்து இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) ஒரு மூலையில் பலகை அடித்து நாயைப் போடுகிறவர்கள் பலகையை இரண்டடி தள்ளி அடித்தால் போதும்.

காது நோய் வராது என்பது அடுத்தது. தொங்கும் காது நாய்களுக்குக் காதுக்குள் நோய் கூடுதலாக வருவது உண்மை, பிரித்தானியப் பதிவுகளை வைத்து 2021இல் வந்த பெரிய ஆய்வும் அதையே காட்டியது. ஆனால் அந்த வரிசையில் முதலில் நின்றது பாசெட் ஹவுண்ட். தரையைக் கூட்டுகிற அளவு காது அதற்கு, ஆனால் யாரும் அதன் காதை வெட்டுவதில்லை. மலையகத்தில் நான் அதிகமாகச் சுத்தம் செய்வது கொக்கர் ஸ்பானியல் காது, அதையும் யாரும் வெட்டக் கொண்டுவருவதில்லை. வெட்டக் கேட்பது டோபர்மன், கிரேட் டேன், அமெரிக்கன் புல்லி. நோய்தான் காரணம் என்றால் ஆள் மாறி வருகிறதே? காதுக்குள் நோய் வருவது ஒவ்வாமை, உண்ணி, ஈரம், அழுக்கு இவற்றால். மடலை வெட்டினாலும் உள்ளே போகிற குழாய் அப்படியேதான் இருக்கிறது.

துணிச்சல் விஷயத்துக்கு வருகிறேன், விற்றவர் தூண்டில் போட்டது அங்கேதான். இந்த இனத்தை 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் அப்போல்டா ஊரில் உருவாக்கிய லூயி டோபர்மன் வரி வசூலிப்பவர், பணத்தோடு போகும்போது துணைக்கு ஒரு நாய் தேவைப்பட்டது அவருக்கு. சண்டையில் எதிராளி பிடிக்க ஏதும் இருக்கக்கூடாது என்று காதையும் வாலையும் வெட்டினார்கள் என்பார்கள். இன்று உங்கள் வீட்டுக்கு வரும் திருடன் நாயின் காதைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டப் போவதில்லை, குரைப்புச் சத்தத்திலேயே அடுத்த லயத்துக்குப் போய்விடுவான். சிறுத்தை வந்தால் அது பிடிப்பது கழுத்தை. அதற்கு நாயை இரவில் உள்ளே கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. துணிச்சல் என்பது பிறவியும் வளர்ப்பும். மூன்று கிழமையிலிருந்து பதினான்கு கிழமை வரை குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதற்குப் பின்னாளில் பயப்படாது: ஆட்கள், பிள்ளைகள், முச்சக்கர வண்டி, தவில் சத்தம், மழைக்கோட்டுப் போட்ட கொழுந்து எடுக்கும் பெண்கள். காதை வெட்டுகிற காலமும் சரியாக அந்தக் காலம்தான். ஆட்களோடு பழக வேண்டிய கிழமைகளில் குட்டி தலைக்கட்டோடு, தொட்டாலே வலிக்கும் காதோடு, மனிதக் கை பக்கத்தில் வந்தாலே பின்வாங்கிக்கொண்டு இருக்கும். அப்படி வளர்ந்த நாய் துணிச்சலானதாக வருமா, பயத்தில் கடிக்கிற நாயாக வருமா? இந்த இடத்தில்தான் என் துறை கொஞ்சம் தாண்டுகிறேன், வெட்டியதால்தான் கடிக்கிறது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் வாலும் காதும் நாய் பேசுகிற உறுப்புகள் என்பதில் தகராறு கிடையாது. கனடாவில் இரண்டு ஆய்வாளர்கள் பொம்மை நாய்க்கு நீள வாலும் கட்டை வாலும் மாற்றி மாற்றிப் பொருத்தி, உண்மையான நாய்கள் எப்படி வருகின்றன என்று பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். நீள வால் ஆடும்போது நாய்கள் தயங்காமல் வந்தன, அசையாமல் விறைத்து நின்றால் ஒதுங்கின. கட்டை வால் ஆடினாலும் நின்றாலும் அவற்றுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு ஒற்றையடிப் பாதையில் வரும் பிள்ளைக்கும் நாயின் மனநிலை வாலிலும் காதிலும்தான் தெரியும்.

சிலர் என்னிடம் நேரில் கேட்டது: "நீங்கள் மட்டும் கன்றுக்குக் கொம்பு சுடுகிறீர்கள், பெட்டை நாய்க்குக் கருப்பையை எடுக்கிறீர்கள், தெரு நாயின் காது நுனியில் வெட்டு வைக்கிறீர்கள், நாங்கள் பிள்ளைக்குக் காது குத்துகிறோம், இதற்கு மட்டும் ஏன் தடை?" நியாயமான கேள்வி. கொம்பு சுடுவது விறைப்பு ஊசி போட்டு, அது மற்ற மாட்டையும் பால் கறப்பவரையும் குத்தாமல் இருக்க. கருத்தடை குட்டிகள் தெருவில் சாகாமல் இருக்கவும் கருப்பையில் சீழ் கட்டாமல் இருக்கவும். காது நுனி வெட்டு அந்தக் கருத்தடை மயக்கத்திலேயே, அதே நாயைத் திரும்பப் பிடித்து வயிற்றைத் திறக்காமல் இருக்க. குத்திய காதில் ஓட்டை விழும், காது போகாது. ஒவ்வொன்றுக்கும் கேட்பது ஒரே கேள்வி, யாருக்கு நன்மை, வேறு வழி உண்டா என்று. பால் மாட்டின் வாலை வெட்டினால் மடி சுத்தமாக இருக்கும், மடிவீக்கம் குறையும் என்று சில நாடுகளில் பெரிதாகக் கிளம்பியது. சோதித்துப் பார்த்தால் மடியில் வித்தியாசம் இல்லை, மாடு ஈ ஓட்ட முடியாமல் தவித்ததுதான் மிச்சம். அதை எங்கள் தொழுவத்தில் யாராவது கேட்டிருந்தாலும் இதே பதில்தான் சொல்லியிருப்பேன்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பாவில் 1987இல் உருவான செல்லப்பிராணிப் பாதுகாப்பு உடன்படிக்கை அழகுக்காக வால், காது வெட்டுவதைத் தடை செய்கிறது. ஜேர்மனி, அதாவது டோபர்மன் பிறந்த நாடே, காதுக்கு 1987இலும், வேட்டை நாய் தவிர மற்றவற்றின் வாலுக்கு 1998இலும் தடை போட்டது. ஆகவே "ஒரிஜினல்" வேண்டும் என்றால் இன்று ஜேர்மனியில் ஓடுவது தொங்கும் காது டோபர்மன்தான். அமெரிக்காவில் இன்னும் வெட்டுகிறார்கள், அந்த நாட்டு மிருக வைத்தியர் சங்கம் எதிர்க்கிறது. நம் நாட்டில் இருப்பது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம், அதில் தண்டப்பணம் 100 ரூபாய். ஒரு பிளாஸ்டர் சுருளுக்கும் போதாது. சட்டத்துக்குப் பயந்து யாரும் நிறுத்தப்போவதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, நண்பர் இப்போது செய்யக்கூடியது. காதை விட்டுவிடுங்கள், கிழமைக்கு ஒரு தடவை பஞ்சால் வெளிப்பக்கம் துடைத்துப் பார்த்தால் போதும், கெட்ட வாடை வந்தாலோ தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ காட்டுங்கள். கட்டை வாலைத் தொட்டுப் பாருங்கள். நுனியில் முடி இல்லாமல் வடு இறுகியிருந்தாலோ, தொட்டதும் குட்டி திரும்பிக் கடிக்க வந்தாலோ அதையும் ஒரு வைத்தியர் பார்க்கட்டும். விசர் ஊசியை மறக்க வேண்டாம். வெட்டாமலே கட்டை வால் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: பிறவியிலேயே கட்டை வால் தருகிற மரபணு ஒன்று உண்டு, கோர்கி நாயில் இருக்கிறது, பிரித்தானிய மரபியலாளர் புரூஸ் கட்டனாக் அதை பொக்ஸர் இனத்துக்குள் கலப்பினம் மூலம் கொண்டுவந்து காட்டினார். ஆனால் தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அந்த மரபணு வந்த குட்டி கருவிலேயே இறந்துவிடும், ஆகவே விளையாட்டாகச் செய்கிற வேலை அல்ல. அடுத்த தடவை குட்டி எடுக்கும்போது தாய் சினையாக இருக்கும்போதே வளர்ப்பவரிடம் சொல்லி வையுங்கள், வாலோடு ஒன்று வேண்டும் என்று, முடிந்தால் கொஞ்சம் முன்பணமும் கொடுத்து. மூன்றாம் நாள் வெட்டிவிடுவார்கள், நீங்கள் போய்ப் பார்ப்பது ஆறாவது கிழமை, அப்போது சொல்லி என்ன பிரயோசனம். அவர்களும் வாங்குபவன் கட்டை வால்தான் கேட்பான் என்று நினைத்து வெட்டுகிறார்களே தவிர அதில் பெரிய பிடிவாதம் கிடையாது, வெட்டுக்கூலியும் மிச்சம்.